செங்கோட்டைக் குகை தாண்டிக் காயல் கரைக்கு

மதுரையிலிருந்து கொல்லம் போகும் மலை ரயிலைப் பற்றி என்னிடம் பலர் விசாரிக்கிறார்கள். சென்ற புரட்டாசியில், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் பூசை விடுமுறை விட்டதும், நானும் என் மனைவி பேச்சியம்மாளும் அதில் போய்வந்தோம். அவளுடைய அண்ணன் ராமையா, கொல்லத்துக்கு இந்தப் பக்கம் குண்டறாவில், காயல் கரையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் அவள் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவந்தேன். வழியில் மலையைக் குடைந்து ரயில் போகும் குகைதான் காரணம்.

பதினேழு வயதில், எங்கள் ஊரான கீழக்குயில்குடியில் கிணறு ஆழப்படுத்தும்போது பக்கவாட்டு மண் சரிந்து, கழுத்துவரை புதைந்துபோனேன். தோண்டி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து அடைத்த அறையில் எனக்கு மூச்சு முட்டும். ஆரப்பாளையத்து வீட்டில் மழை நாள் தவிர மொட்டைமாடியில்தான் படுக்கை.

“மழை பெஞ்சா உள்ள வந்துதான படுக்குறீங்க? குகையில அம்புட்டு நேரம்கூட ஆகாதாம். எங்கண்ணன் சொல்லுச்சு” என்றாள் பேச்சி. சரி, போவோம் என்றேன்.

மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு மூன்று ரூபாய்க்குள் அடங்கும். காலை வண்டியில் ஏறி விருதுநகரில் தென்காசி வண்டிக்கு மாற வேண்டும். வலப்பக்கம் உட்காருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் மலை நெருங்கி வந்து, தென்காசி வரை கூடவே வரும். நான் அதை ரசித்தேன் என்று சொல்ல மாட்டேன். மலை பெரிதாகத் தெரியத் தெரிய, அதற்குள் நுழையப்போகிறோம் என்ற நினைப்பில் கொண்டுபோன புளியோதரைப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தான எல்லைக்குள் இருக்கிறது. சுங்கத்தார் மூட்டையை அவிழ்க்கச் சொல்வார்கள். புகையிலை இருந்தால் வம்பு. நம்முடைய ஒரு ரூபாய்க்கு அந்த ஊர்க் காசான சக்கரம் இருபத்தெட்டரை கிடைக்கும். இங்கேதான் வண்டிக்குப் பின்னாலும் ஒரு எஞ்சின் பூட்டுகிறார்கள். எங்களுக்கு எதிரே, மிளகு வாங்கப் புனலூர் போகிற மதுரைப் பாய் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

“பகவதிபுரம் தாண்டுனதும் ஜன்னல் பலகையை இறக்கிரணும் தம்பி. இல்லாட்டி பொகை பூராவும் உள்ள வந்துரும்” என்றார்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான்.”

பகவதிபுரத்தில் வண்டி நின்றதும், யாரோ அவசரப்பட்டு முன்கூட்டியே பலகைகளை இறக்க ஆரம்பித்தார்கள். பெட்டி இருண்டது. தண்ணீர் பிடித்துவருவதாகச் சொல்லிக் கூஜாவோடு கீழே இறங்கினேன். தண்ணீர் பிடிக்கத்தான் இறங்கினேன். கார்டு ஊதினார். என் கால் நகரவில்லை.

“ஏங்க, ஏறுங்க! வண்டி கெளம்புது!” பேச்சி ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள். பெட்டி ஒவ்வொன்றாக என்னைக் கடந்தது. பின் எஞ்சினும் போய், வளைவில் மறைந்த பிறகுதான் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு டிக்கெட்டும் பணமும் என்னிடமே இருந்தன. அவளிடம் ஒரு சல்லிக் காசு இல்லை. மதுரையைத் தாண்டி அவள் வந்ததும் இதுதான் முதல் தடவை.

கூஜாவோடு புளியரை ரோட்டுக்கு ஓடினேன். மரம் ஏற்றப் புனலூர் போகும் காலி லாரி ஒன்று வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, குகைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்றேன். டிரைவர் நம் பக்கத்து ஆள், திருமங்கலம்.

“ஆரியங்காவுல எறக்கி விடுறேன், ஏறுங்கண்ணே. ரயில விட்டுட்டீங்களா?”

“ரயில்ல என் சம்சாரம் தனியாப் போகுது.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேகமாக ஓட்டினார். ஏழெட்டு மைல்தான், ஆனால் வளைந்து வளைந்து ஏறும் ரோடு. அவள் பயந்துபோய் நடுவில் குதித்திருந்தால்? கொல்லம் வரை போய்விட்டிருந்தால்? டிக்கெட் இல்லையென்று யாராவது கையைப் பிடித்து இறக்கியிருந்தால்? ஒரு வளைவில் கீழே ரயில் பாதை தெரிந்தது. எட்டிப் பார்க்கத் துணியவில்லை.

ஆரியங்காவு பிளாட்பாரத்தில் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பாய்தான் அவளை இறக்கிவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “தண்ணி இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். கூஜா காலியாக இருந்தது.

அடுத்த வண்டி சாயங்காலம். போகும் வழியில் இன்னும் சின்னச் சின்னக் குகைகள் உண்டு என்று போர்ட்டர் சொன்னார். “புனலூருக்குப் பஸ்ல போயிருவமா?” என்றேன்.

“நான் ரயில்லதான் போறேன். நீங்க வாரதுன்னா வாங்க.”

ஏறினேன். முதல் குகை வந்தபோது அவளே எழுந்து எங்கள் ஜன்னல் பலகையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டாள். பெட்டியில் இருந்தவர்கள் மலையாளத்தில் கத்தினார்கள். புகை முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே வெளிச்சத்துக்கு வந்தோம். நடுவே பதின்மூன்று கண் பாலம் வருகிறது. கீழே ஆறு, எதிரே காடு. அதை மறக்காமல் பாருங்கள். நான் பாதிதான் பார்த்தேன்.

குண்டறாவில் ராமையா, நாங்கள் வர வேண்டிய வண்டி நேரத்திலிருந்தே காத்துக்கிடந்தார். கரி அப்பிய எங்கள் முகத்தைப் பார்த்து, “என்ன மாப்ள, எஞ்சின ஓட்டிக்கிட்டா வந்தீங்க?” என்று சிரித்தார்.

“வண்டி தப்பிப்போச்சுண்ணே” என்றாள் பேச்சி.

காயல், நிலத்துக்குள் விரல் விரலாக நீண்டு கிடக்கிறது. கரை நெடுகத் தென்னை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக வள்ளம். வைகையில் எப்போதாவது ஓடும் தண்ணீரைப் பார்த்த எங்களுக்கு, அசையாமல் நிற்கும் அவ்வளவு தண்ணீர் ஆச்சரியம்தான். நாலு நாள் இருந்தோம். பேச்சி அண்ணியோடு சிரித்துப் பேசினாள். என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். நானோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போகும் வழியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ஆரியங்காவில் வண்டி நின்றது. பேச்சி கையை நீட்டினாள். “என் டிக்கெட்டக் குடுத்துட்டு நீங்க ரோட்டு வழியா வாங்க. செங்கோட்டையில உக்காந்திருக்கேன்.” குரலில் கோபம் இல்லை. டிக்கெட்டையும் இரண்டு ரூபாயையும் கொடுத்தேன். படிவரை போனேன். திரும்பிப் பார்த்தபோது அவள் தலையைக் குனிந்து, டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். முடிச்சு விழவில்லை. மறுபடி மறுபடி முயன்றாள்.

வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். பலகைகள் இறங்கின. இருட்டு வந்தது, சத்தம் மண்ணைப் போல மேலே விழுந்தது. வாயைத் திறந்து மூச்சை இழுத்தேன். உள்ளே போகவில்லை. கத்திவிடுவேன் என்று தோன்றிய நேரத்தில் அவள் கை என் மணிக்கட்டைப் பற்றியது. எனக்குத் தைரியம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்தக் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“போன தடவ செத்துப்போயிருவேன்னு நெனச்சேங்க” என்றாள் என் காதில். “சின்ன வயசுலருந்தே எனக்கு இருட்டு ஆகாது.”

குகை முடியும்வரை அவளிடம் என்னென்னவோ பேசினேன். பள்ளிக்கூடம், மாடி, காயல், எல்லாம். எனக்கு மூச்சு வந்ததா இல்லையா என்று பார்க்க நேரமில்லை. வெளிச்சம் வந்தபோது நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: புரட்டாசி நல்ல மாதம், ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். பெரிய குகை அரை மைலுக்குச் சற்று மேல். பலகையை இறக்குவதுதான் சரி, எங்களைப் போலத் திறக்காதீர்கள். வண்டி பகவதிபுரத்தை அடையும் முன், உங்களோடு வருகிறவரிடம் இருட்டு பயமா என்று கேட்டுவிடுங்கள். நாலு வருஷம் என் பயத்தை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்த நான், ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை.