சாமை உமி போட்ட ஆக்சில்

வண்டியின் பின் ஆக்சிலைக் கழுவிச் சோதிக்கிற வேலையில் ஒரு கஷ்டம் உண்டு: உள்ளே கெட்டுப்போயிருப்பதை நாம் மட்டும்தான் பார்த்திருப்போம், வண்டியில் போகிற ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இது ஆபத்து" என்று எப்போதாவது நீங்களும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள், கேட்டவர் நன்றாகத் தலையாட்டிவிட்டு அதையே செய்திருப்பார். அந்த வகையில் நீங்களும் நானும் சொந்தம். எனக்குக் குரல் வேறு சன்னம். வேலை திருப்பத்தூரில் ஒரு பட்டறையில். ஊர் மேலே, நெல்லிவாசல்நாட்டில். எப்போதாவது வருகிற பஸ்ஸை விட்டால் எங்கள் ஊருக்கு ஏறுவது பொன்னுசாமி அண்ணனின் பழைய ஜீப் ஒன்றுதான். சந்தை நாளில் உள்ளே, பின்படியில், கூரைமேல் என்று ஊரே அதில் இருக்கும். என் அம்மாவும் இருப்பாள். அந்த ஜீப் ஒருநாள் எங்கள் பட்டறைக்கே வந்தது.

மூடியைத் திறந்தால்

ஊளையிட்டுக்கொண்டே வந்தது. பின் ஆக்சிலின் நடுவில் குண்டாகத் தொங்குமே, அதுதான் டிப்ரன்ஷியல். இன்ஜின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. மூடியைக் கழற்றினால் ஆயில் ஒழுக வேண்டும். ஒழுகவில்லை. கஞ்சி மாதிரி கட்டியாகத் தட்டில் தொப்பென்று விழுந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். சாமை உமி.

பல் தேய்ந்து சத்தம் வந்திருக்கிறது. அண்ணன் வீட்டில் சாமை குத்திய உமியை அள்ளி உள்ளே போட்டு, சத்தத்தை அமுக்கியிருக்கிறார். உமி ஊறி, ஆயில் போகிற வழியை அடைத்து, பேரிங்குகள் கருகிக் கிடந்தன. "இன்னாண்ணா இது?" என்றேன். அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது.

"தை மாசத்துலேருந்து பூனையாட்டம் சத்தமில்லாம போச்சு தம்பி. மெக்கானிக்கு நீ, உன்னால அப்டி ஓட்டிக் காட்ட முடியுமா?"

புளி

உமியைச் சுரண்டி, எல்லாப் பல்சக்கரத்தையும் டீசலில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். கருகல் கறை மட்டும் கொஞ்சம் போகவில்லை. அண்ணனின் மனைவி சரசு அண்ணி மறுநாள் சந்தையில் விற்கப் புளிமூட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தவர், சும்மா இருக்க மனசு வராமல், நல்ல புளியாக ஒரு உருண்டை எடுத்துக் கரைத்து அத்தனையையும் தேய்த்து, குழாயடியில் அலசி வைத்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளவென்றிருந்தது. அவசர அவசரமாகத் துடைத்து ஆயில் பூசினேன். பல் இடுக்கில் நின்ற ஈரத்தைப் பிடிக்க முடியவில்லை.

காலையில் பார்த்தால் பல்லுக்குப் பல் செம்மண் நிறத்தில் துரு. பாதி நாள் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்க வூட்டு குத்துவிளக்கு வருசத்துக்கும் புளியிலதான் தேய்க்கிறேன், ஒருநாளும் இப்டி ஆனதில்ல. உங்க இரும்பு சரியில்ல."

வெள்ளைப் பொடியில் ஒரு கோடு

டிப்ரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகிற இரும்புத் தண்டுக்கு ஆக்சில் ஷாப்ட் என்று பெயர். இந்த ஜீப்பில் அது ஒடிந்தால் சக்கரமே தனியாகக் கழன்றுவிடும். அதைச் சோதிக்க எங்கள் பட்டறையில் ஒரு வழி உண்டு. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஈரமில்லாமல் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவி வைப்போம். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடாக எழும்பும். வலது ஷாப்ட்டில் எழும்பியது. தலைமுடி அளவுதான்.

"அண்ணா, இதுல வெடிப்பு கீது. மாட்டக் கூடாது."

"இன்னா?"

இன்னொரு தடவை சொன்னேன். அண்ணன் குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்து, விரலை என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"போயிடுச்சு பாரு. அழுக்கு தம்பி இது, வெடிப்புன்றே."

மேஸ்திரியின் தீர்ப்பு

பட்டறை மேஸ்திரியிடம் ஓடினேன். அவர் திரும்பப் பொடி தூவினார். கோடு திரும்ப எழும்பியது. லென்ஸ் வைத்துப் பார்த்து, வெடிப்புதான் என்றார். புது ஷாப்ட் வெளியூரிலிருந்து வரவேண்டும், அதுவரை ஜீப் நிற்கட்டும் என்றும் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது.

கொஞ்ச நேரத்தில் பட்டறை வாசலில் எங்கள் ஊர்க்காரர்கள். காலையில் பஸ்ஸில் இறங்கியவர்கள், சந்தை முடிந்து மூட்டையும் குழந்தையுமாக, ஜீப் எங்கே என்று தேடி வந்துவிட்டார்கள். யார் நிறுத்தினது என்று கேட்டார்கள். அண்ணன் என்னைக் கை காட்டினார். என் சித்தப்பா, நம்ம பையனே நம்மள நடுரோட்டில் நிறுத்திட்டானே என்று ஆரம்பித்தார். வெடிப்பைக் காட்டினேன். ஒருத்தர்கூட குனியவில்லை. மேஸ்திரி அவர்களைப் பார்த்தார், இருட்டிக்கொண்டு வந்த மேகத்தைப் பார்த்தார். பிறகு அந்த ஷாப்ட்டைக் கேட்டுக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"நீ சரியாத்தான் பார்த்திருக்கே. தள்ளு, நான் மாட்டுறேன்."

ஊருக்குப் போகிற நாள்

ஜீப் அன்றைக்கு ஏறியது. அதற்கப்புறமும் ஏறிக்கொண்டிருக்கிறது. வெளியூரிலிருந்து ஷாப்ட் வந்து எங்கள் அலமாரியில் இருக்கிறது. வண்டியை நிறுத்த அண்ணனுக்கு நாள்தான் கிடைக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்துகிறேன். ஓடுது இல்ல என்கிறார்.

லீவுக்கு ஊருக்குப் புறப்பட்டேன். பஸ் வரவில்லை. ஜீப் நின்றிருந்தது, சந்தைக்கு வந்த அம்மா உள்ளே ஏறியிருந்தாள். இறங்கிவிடு, நடந்தே போகலாம் என்று அவள் காதோரம் சொன்னேன். வெடிப்பைப் பற்றி முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். எனக்கு முன்னால் ஒருவர் படியில் கால் வைத்தார்.

"அது இருக்கட்டும், நீ ஏறு. எடம் போயிடும்."

ஏறிவிட்டேன். ஜீப் ஓடுகிற வரைக்கும் நான் பொய்யன், ஷாப்ட் ஒடிகிற அன்றைக்கு நான் சொன்னது சரி என்று ஆகும். அதைப் பார்க்கத்தான் வலது பின்சக்கரத்துக்கு நேர் மேலே அம்மா எனக்கு இடம் பிடித்து வைக்கிறாள் போலிருக்கிறது.