நர்ஸ் பார்க்க வந்த வீடு

லிஃப்ட் பழுது பார்க்கும் நம் லிஃப்ட்காரருக்கு வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் நுழைந்தால் கையில் முதலில் துடைக்கிற துணி, அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். "அழுக்கு மேல அழுக்கு இருந்தா எண்ணெய் எங்க கசியுதுன்னு எப்படித் தெரியும்?" என்று கூட வருகிறவர்களைக் கடிந்துகொள்வார். இருபத்தெட்டு வருஷமாக அவர் கைபட்ட மோட்டார் அறைகளில் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம் போல இருக்கும்.

அதே மனிதர் வீட்டுக்கு வந்தால் வேறு ஆள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு. "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கிறீங்க, நமக்கு மட்டும் அறுபத்திரண்டு படி" என்று அவர் மனைவி கிண்டல் செய்வார். அந்தப் படிகளை ஏறி வந்ததும் லிஃப்ட்காரர் பையை ஒரு மூலையிலும் சட்டையை ஒரு மூலையிலும் போடுவார். மனைவி எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "அப்புறம் பார்த்துக்கலாம்." தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையிலிருந்த மனைவி, ஊரார் தபாலை அதது போக வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வந்து, வீட்டில் கணவருடைய சாமான்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் வீடு வீடாக இருந்தது.

பிறகு மனைவியின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. போக ஒரு மணி நேரம், டயாலிசிஸ் நான்கு மணி நேரம், வர ஒரு மணி நேரம். திரும்பி வந்து அறுபத்திரண்டு படி ஏறினால் அன்றைய நாள் முடிந்தது, மறுநாள் பாதியும் முடிந்தது. லிஃப்ட்காரர் மற்றவர்களோடு ஷிப்டு மாற்றி மாற்றி அல்லாடினார். எட்டு மாதத்தில் வீடு ஆளில்லாத வீடு மாதிரி ஆகிவிட்டது. நாற்காலி மேல் துணி, துணி மேல் மருந்துச் சீட்டு, மின்விசிறியின் இறக்கையில் கம்பளி விரித்ததுபோல் தூசி. குளியலறைக் குழாயில் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வயிற்றில் ஒரு சின்னக் குழாய் பொருத்திவிட்டால், மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே எடுத்து, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு முறை வந்தால் போதும். வேலைக்குக்கூடப் போகலாம்.

மனைவி கணவர் முகத்தைப் பார்த்தார். கணவர் டாக்டர் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் டாக்டர். "தூசி பட்டா வயித்துக்குள்ள கிருமி போயிடும். அதனால எங்க நர்ஸ் வந்து வீட்டைப் பார்ப்பாங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் குழாய். இல்லைன்னா அடுத்த தடவை பார்க்க மூணு மாசம் ஆகும்."

நர்ஸ் வரப்போவது அடுத்த வாரத்துக்கு மறு வாரம், வெள்ளிக்கிழமை. நடுவில் பதினாறு நாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து பார்த்ததும் லிஃப்ட்காரர் விரலை மடக்கி இன்னொரு தடவை நாளை எண்ணினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கீழ்வீட்டில் உட்கார வைத்துவிட்டு, மனிதர் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். பீரோவிலிருந்த எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினார். சமையலறைப் பாத்திரங்களைக் கூடத்தில் இறக்கினார். பெருக்கினார், தூசி எழும்பி மறுபடி எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினார், தூசி சேறானது. மாலையில் மேலே வந்த மனைவி வாசலில் நின்றே இருமத் தொடங்கினார்.

"ஏங்க, வீட்டுக்குள்ள புயல் எதுவும் அடிச்சுதா?"

லிஃப்ட்காரர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. கட்டிலில் ஒரு ஓரத்தை ஒழித்து மனைவியைப் படுக்க வைத்துவிட்டுத் தங்கைக்கு போன் செய்தார்.

தங்கை ஒரு பெரிய ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். ஒரு ஷிப்டுக்குப் பதினான்கு அறை. அடுத்த நாள் அவளுக்கு விடுமுறை. காலையில் வந்தவள் வாசலில் நின்று வீட்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதே. எனக்கு உயிர் போகுது," என்றார் அண்ணன்.

"பின்ன என்னண்ணா? மொத்த வீட்டையும் ஒரே நாள்ல சாப்பிடப் பார்த்தா அஜீரணம்தான் வரும். எங்க ஓட்டல்ல ஒரு ரூமுக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான் குடுப்பாங்க. நான் என்ன மந்திரமா போடுறேன்? ஒரு ரூம் முடியாம அடுத்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன். அவ்வளவுதான்."

அன்றைக்குப் படுக்கை அறை மட்டும் என்று முடிவானது. குளியலறையைத் தேய்க்க அவர் பிரஷைத் தேடிப் போனபோது தங்கை தடுத்தாள். வினிகரில் நனைத்த துணியை அந்த உப்புக் குழாயின் மேல் சுற்றிவிட்டு, "இது பாட்டுக்கு ஊறட்டும். நாம உள்ள வேலையைப் பார்ப்போம். நீ முக்கி முனகித் தேய்க்கிறதைவிட இது நல்லா வேலை செய்யும்," என்றாள். பிளீச்சிங் பாட்டிலைத் தூர எடுத்து வைத்தாள். "இதையும் அதையும் ஒண்ணாக் கலந்துடாதே. மூச்சு முட்டிடும்."

பிறகு ஒரு பழைய தலையணை உறையை எடுத்து, மின்விசிறியின் இறக்கையில் சாக்ஸ் மாட்டுவதுபோல் மாட்டி, அப்படியே இழுத்தாள். எட்டு மாதத் தூசி ஒரு பொட்டுகூடக் கீழே விழாமல் உறைக்குள் வந்துவிட்டது. லிஃப்ட்காரர் வாயைப் பிளந்தார். இருபத்தெட்டு வருஷம் இயந்திரத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"மேலேருந்து கீழே வரணும். ஃபேன், ஜன்னல், மேசை, கடைசியா தரை. தரையை முதல்ல துடைச்சா அதே தரையைத் திரும்பத் துடைக்கணும். பெருக்காதே, ஈரத்துணியால ஒத்தி எடு. துணியை ரெண்டா மடி, திரும்ப ரெண்டா மடி. இப்ப உனக்கு எட்டு பக்கம். ஒரு பக்கம் அழுக்கானா அடுத்த பக்கம்."

"இதைத்தான் நான் மோட்டார் ரூம்ல பண்றேன்," என்றார் அவர் மெதுவாக.

"அப்ப இங்க ஏண்ணா பண்ணலே?"

அவர் துணியை அடுத்த பக்கம் திருப்பி மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு மணி நேரத்தில் படுக்கை அறையில் ஜன்னல் வெளிச்சம் தரை வரைக்கும் இறங்கியது. குழாயில் சுற்றிய துணியை எடுத்துவிட்டுத் துடைத்தபோது உப்பு சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அதுவரை எல்லாம் நல்லபடியாகப் போனது. ஜன்னலுக்குக் கீழே இருந்த ஏழு அட்டைப் பெட்டிகளில் வந்து முட்டிக்கொண்டது.

அந்தப் பெட்டிகளில் இருந்ததெல்லாம் லிஃப்ட்காரர் பழைய லிஃப்டுகளைக் கழற்றிய இடங்களில் வேண்டாமென்று விட்ட சாமான்கள். மின்சாரத்தை விட்டு நிறுத்துகிற பழைய ரிலே, மாடி எண் போட்ட பித்தளைப் பொத்தான், பேரிங், ஒயர் சுருள். "என்னிக்காவது உதவும்" என்று சேர்த்தவை.

"மருந்துத் தண்ணிப் பையெல்லாம் மாசத்துக்கு முப்பது பெட்டி வருமாம். அண்ணி சொன்னாங்க. அதை எங்க வைப்பே?" என்று கேட்டாள் தங்கை.

"வேற எங்கயாவது வெச்சுக்கலாம். இதுல கை வைக்காதே."

"இது வீடா, லிஃப்ட் கம்பெனி குடோனா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த மாடல் ரிலே இப்ப எங்கயும் கிடைக்காது."

குரல் ஏறிக்கொண்டே போனது. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி வந்து கதவில் சாய்ந்து நின்றார். அவர் சத்தம் போடவில்லை.

"ஏங்க, பதினஞ்சு வருஷமா இந்தப் பெட்டிக்கு ஜன்னலோரம் இடம் குடுத்திருக்கீங்க. கொஞ்ச நாள் எனக்குக் குடுங்களேன்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் போய் வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். லிஃப்ட்காரர் ஒரு பித்தளைப் பொத்தானை எடுத்துத் துடைத்துப் பெட்டிக்குள் திரும்பப் போட்டார். பிறகு தொழிற்பயிற்சிப் பள்ளி வாத்தியார் ஒருவருக்கு போன் போட்டார். சாயங்காலமே வாத்தியார் வண்டியோடு வந்து, ஏழு பெட்டியையும் கண்டு குழந்தை மாதிரி குதித்தார். கடைசிப் பெட்டி படியிறங்கிப் போனபோது மனசு வலிக்கும் என்று லிஃப்ட்காரர் எதிர்பார்த்தார். வலிக்கவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல, அந்த வெற்றிடத்தைப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது தங்கை சொன்னாள்: "இனிமே பெரிய சுத்தம் எதுவும் வேண்டாம். அடுப்புல தண்ணி கொதிக்கிற நேரத்துல மேடையைத் துடை. குளிச்சுட்டு வரும்போதே சுவத்துத் தண்ணியை வழிச்சு விடு. செருப்பு வாசலுக்கு வெளியே. ஒரு ரூம்லேருந்து எழுந்து போகும்போது வெறுங்கையோட போகாதே, அங்க இருக்கக்கூடாத ஒரு சாமானை எடுத்துட்டுப் போ. பத்து நிமிஷம். இதுக்கு 'அப்புறம்'னு மட்டும் சொல்லிடாதே."

நாளைக்கு ஒரு அறை என்று செவ்வாயிலிருந்து வெள்ளிக்குள் கூடமும் சமையலறையும் குளியலறையும் முடிந்தன. அதற்குப் பிறகு தினம் பத்து நிமிஷம்தான். முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் தானாகவே கை போயிற்று. மனைவி உட்கார்ந்தபடியே துணி மடிப்பார், மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாகப் பிரித்து அடுக்குவார். எட்டு மாதத்துக்குப் பிறகு தனக்கென்று ஒரு வேலை கிடைத்ததில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

நர்ஸ் வரவேண்டிய வாரம், புதன்கிழமை காலை. லிஃப்ட்காரர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இருந்தார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே மூன்று பேர். அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன்.

"அந்த நர்ஸம்மா வெள்ளிக்கிழமை வர முடியாதாம். இன்னிக்கே வராங்களாம். பதினோரு மணிக்கு."

மணி பத்தரை. லிஃப்ட்காரர் வீட்டை மனசுக்குள் ஒரு சுற்று பார்த்தார். முந்தைய நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த களைப்பில் மனைவி படுத்தே இருப்பார். காலையில் தான் கிளம்பிய வேகத்தில் டம்ளரை எங்கே வைத்தோம், துண்டை எங்கே போட்டோம் என்று ஒன்றும் நினைவில்லை. உள்ளே இருந்து ஒருவர், "சார், இன்னும் எவ்வளவு நேரம்?" என்று குரல் கொடுத்தார். விட்டுவிட்டு ஓட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று பேரையும் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டு, கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடினார்.

மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்தபோது வாசலில் அறிமுகமில்லாத ஒரு ஜோடி செருப்பு. லிஃப்ட்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டு, திருடன் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

நர்ஸ் படுக்கை அறையில் நின்று ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். விரலைப் பார்த்தார். அடுத்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், குளியலறையில் குழாயைத் திறந்து மூடினார், பெட்டி வைக்கும் இடத்தை அடியால் அளந்தார். லிஃப்ட்காரர் கிரீஸ் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். கடைசியில் நர்ஸ் ஜன்னல் திரையைப் பிடித்து உதறினார். வெயிலில் தூசி பொடிப்பொடியாகப் பறந்தது.

'போச்சு' என்று நினைத்தார் லிஃப்ட்காரர். மின்விசிறி, மேசை, தரை என்று கவனம் வைத்தவர்கள் யாரும் திரையை நினைக்கவே இல்லை.

"இந்தத் திரையைக் கழட்டிடுங்க. துவைக்கிற மாதிரி மெல்லிசா ஒண்ணு போடுங்க," என்றார் நர்ஸ், காகிதத்தில் எழுதிக்கொண்டே.

"மேடம், அதுக்காக மூணு மாசம்..."

"எதுக்கு மூணு மாசம்? திரையைக் கழட்ட மூணு நிமிஷம் போதாதா சார்?" நர்ஸ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "வீடு நல்லா இருக்கு. இன்னிக்கு வர்றேன்னு அரை மணி நேரம் முன்னாடி சொன்னேன், அதுக்கே இப்படி இருக்குன்னா தினமும் இப்படித்தான் இருக்கும். அதுதான் எனக்கு வேணும். அடுத்த வாரம் குழாய் வெச்சுடலாம்."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீ படுத்திருப்பேன்னு நினைச்சேன்," என்றார் லிஃப்ட்காரர்.

"படுத்துத்தான் இருந்தேன். எழுந்து ரெண்டு டம்ளரையும் உங்க துண்டையும் எடுத்து வெச்சேன். வேற செய்ய ஒண்ணும் இல்லையே."

நர்ஸ் போனதும் லிஃப்ட்காரர் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனதுபோல இருந்தது. ஒரு பெருமூச்சு வந்தது. அதைத் தொடர்ந்து ஏனோ சிரிப்பு வந்தது. "சுவத்துல கிரீஸ் படப்போகுது, கையைக் கழுவுங்க," என்று மனைவி விரட்டினார்.

அந்தத் திரை அன்றைக்கே இறங்கியது. அடுத்த வாரம் குழாய் வைத்தார்கள். புண் ஆறியதும் இருவருக்கும் ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்தார்கள். மருந்துப் பெட்டிகளை லிஃப்ட்காரர் ஒவ்வொன்றாக மூன்றாவது மாடிக்குச் சுமந்து ஜன்னலோரம் அடுக்கினார். ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கை கழுவி, முகமூடி போட்டுக்கொண்டு மனைவி தானே பையை மாற்றிக்கொண்டார். இரண்டு மாதத்தில் தபால் நிலையத்தில் அரை நாள் வேலைக்குக்கூடப் போய்வர ஆரம்பித்தார்.

பயிற்சி முடிந்து வீட்டிலேயே எல்லாம் என்று ஆன முதல் செவ்வாய்க்கிழமை, லிஃப்ட்காரர் பழக்க தோஷத்தில் ஐந்து மணிக்கே எழுந்து, அடுப்பில் தண்ணீரை வைத்து, மேடையைத் துடைத்து முடித்து, மனைவியை எழுப்பப் போனார். தோளைத் தொடப் போன கை பாதியில் நின்றது. மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இன்னிக்கு எங்கயும் போக வேண்டாம்தானே?"

"வேண்டாம்."

"அப்ப விடுங்க," என்று போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.