வெள்ளைக் கோழிகளைத் தேடி இலங்கைத்துறை வரை

திருகோணமலையில் கோழியைப் பார்த்த மாத்திரத்தில் அதன் சாதியைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருத்தி என்பது மட்டும் தெரியும். இதைத் தற்பெருமை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்குக் கறுத்த மினோர்க்காக் கோழியும் காகமும் ஒன்றுதான், ஆகவே அவர் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை. யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தி நகரத்தில் நடந்த கண்காட்சியில் என்னுடைய வெள்ளை லெகோர்ன் கோழிகளுக்கு முதற் பரிசாக ஒரு வெள்ளிக் கப் கிடைத்தது. அது எங்கள் அலுமாரியின் நடுத்தட்டில் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும் முன் அதைத்தான் காட்டுவேன்.

போன சித்திரையில் யப்பான்காரன் குண்டு போட்டதும் நகரத்தில் பாதிச் சனம் வெளியேறியது. வீட்டுக்காரர் துறைமுகப் பட்டறையில் வேலை என்பதால் நின்றுவிட்டார். நான் மட்டக்களப்பில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் புறப்பட்டேன். ஆறு பேடும் ஒரு சேவலும் கூடையில் என்னோடு வந்தன. கிளிவெட்டிக்கு மேல் அவற்றைக் கொண்டுபோக முடியவில்லை. வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அங்கே என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள் கனகம் தனியாக இருக்கிறாள். கணவனை இழந்தவள், கொஞ்ச வயல் உண்டு. “மச்சாள், திரும்பி வரேக்க வாங்கிறன்” என்று அவளிடம் கூடையைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

தை மாதம்தான் நகரத்துக்குத் திரும்பக் கிடைத்தது. மட்டக்களப்பில் இருந்து நான் வந்த லொறியைக் கிளிவெட்டியில் நிறுத்த முடியவில்லை. வந்து பார்த்தால் நகரத்தில் ஒரு வெள்ளை லெகோர்ன் கூட இல்லை. விட்டுப்போன கோழிகள் எல்லாம் யார் யார் சட்டிக்குள்ளோ போய்விட்டன. கனகத்திடம் இருக்கும் என் ஏழும்தான் மிச்சம் என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார். “அரிசிக்கே கூப்பன் குடுக்கிற காலத்தில உன்ர கோழியை ஆர் வச்சுப் பாத்துக்கொண்டிருக்கினம்? அது எப்பவோ குழம்பாப் போயிருக்கும்” என்றார். எனக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் குத்தியது. கோழி போனால் ஒரு கவலை, கனகம் அப்படிச் செய்திருந்தால் அதைவிடப் பெரிய கவலை. மாசிக் கடைசியில், கடல் அடங்கியதும், நானே போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

கொட்டியாரப் பக்கம் கோழி வாங்கப் போக நினைக்கிறவர்களுக்காகப் போன வழியைச் சொல்கிறேன். துறைமுகத்தில் இருந்து வெளியே போக இப்போது பாஸ் வேண்டும், அதை முதல் நாளே எடுத்துவிடுங்கள். மூதூருக்கு மோட்டார் வள்ளம் காலை ஏழு மணிக்குப் புறப்படுகிறது. ஆளுக்கு ஐம்பது சதம். கூடைக்குத் தனிக் காசு கேட்பார்கள், வெறுங்கூடை என்று காட்டினால் விட்டுவிடுவார்கள். துறைமுகத்தில் என்னென்ன நின்றன என்று எழுதக் கூடாது, நான் எழுதவும் மாட்டேன். கடற்காகங்கள் நின்றன, அதை எழுதலாம். குடாவின் நடுவில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. ஒன்றரை மணித்தியாலத்தில் மூதூர்.

மூதூரில் அசனார் காக்காவின் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) மாட்டு வண்டியைப் பிடித்தேன். கிளிவெட்டி ஏறத்தாழ எட்டுக் கட்டை, அதாவது எட்டு மைல், இரண்டு ரூபாய். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. என் வாயும் ஓயாது என்பதால் பொருத்தமாகப் போய்விட்டது. நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டதும் வழியிலே நின்ற கோழிகளை எல்லாம் காட்டி, “இது என்ன சாதி, தங்கச்சி?” என்று பரீட்சை வைக்கத் தொடங்கினார்.

வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். கோழியின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிறம் கடைசி. முதலில் காது மடலைப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால், கீழே, சின்னதாகத் தொங்கும். அது வெள்ளையென்றால் பெரும்பாலும் வெள்ளை முட்டை, சிவப்பென்றால் மண்ணிற முட்டை. அடுத்தது தலையில் உள்ள பூ, அதாவது கொண்டை. லெகோர்ன் பேட்டின் பூ பெரிதாக வளர்ந்து ஒரு பக்கத்துக் கண்ணை மறைத்து விழுந்திருக்கும். பிறகு கால். மஞ்சளா, கறுப்பா, வெள்ளையா, மயிர் இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் பார்த்த பிறகு இறகின் நிறத்தைப் பார்த்தால் போதும்.

தோப்பூரில் ஒரு வேலிக்கு உள்ளே கறுத்தப் பேடு ஒன்று கிளறிக்கொண்டு நின்றது. “இது சும்மா ஊர்க்கோழி, இதுக்கு என்ன சாதி?” என்றார் காக்கா. நான் வண்டியை நிறுத்தச் சொல்லி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். காது மடல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, பூ பெரியது, கால் கறுப்பு. “மினோர்க்கா இரத்தம் ஓடுது. முட்டை பெரிசா, வெள்ளையா இருக்கும்” என்றேன். வீட்டுக்காரப் பெண் வெளியே வந்து, “ஓம், அரசாங்கக் கச்சேரியில இருந்த ஐயா ஒருத்தர் மாத்தலாகிப் போகேக்க விட்டுட்டுப் போன சேவல்ட பரம்பரை” என்றாள். காக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு இன்னும் ஒரு கப் கொடுக்கலாம்.

“நீங்க கோழிக்குச் சாதகம் பாக்கிறீங்க போல” என்றார்.

அதன் பிறகு வழியில் கோழியைக் கண்டால் அவரே கூவிக் காட்டத் தொடங்கிவிட்டார். மொட்டைக் கழுத்துக் கோழி ஒன்று வந்தது. வெக்கையைத் தாங்கும், நன்றாக அடை கிடக்கும், எங்கள் மண்ணுக்கே உரியது என்றேன். இறகெல்லாம் மேல்நோக்கிச் சுருண்ட ஒன்று வந்தது. பார்க்க நனைந்து காய்ந்த, வீடு கூட்டும் தும்புத்தடி மாதிரி இருக்கும், முட்டைக்குக் குறைவில்லை என்றேன். கிளிவெட்டிக்குப் போய்ச் சேரும்போது காக்காவே காதைப் பார், பூவைப் பார் என்று மாடுகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கிளிவெட்டியில் கனகத்தின் வீட்டு வாசல் படலை கயிற்றால் கட்டியிருந்தது. கோழிக்கூடு வெறுமையாகக் கிடந்தது, கதவில் சிலந்தி வலை. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வந்தார்.

“கனகம் இஞ்ச இல்லை, பிள்ளை. இலங்கைத்துறையில தம்பி வீட்ட போய்ட்டா.”

“எப்ப போனவ?”

“போன வைகாசியிலயே.”

“என்ர வெள்ளைக் கோழியள்?”

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். “வெள்ளைக் கோழி இஞ்ச ஒண்டும் இல்லை. அந்தக் கதையை விடுங்கோ” என்றார். தண்ணீர் கொண்டுவந்து தந்தார், ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஊரே சேர்ந்து சாப்பிட்டிருக்கிறது, கனகம் வெட்கத்தில் ஊரை விட்டுப் போயிருக்கிறாள். வீட்டுக்காரரின் சிரிப்பு காதுக்குள் கேட்டது. திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். மாட்டேன், அவளுடைய வாயால் கேட்காமல் போக மாட்டேன் என்று காக்காவிடம் இன்னும் இரண்டரை ரூபாய் பேசினேன்.

கிளிவெட்டியில் இருந்து இலங்கைத்துறை பத்துக் கட்டை இருக்கும் என்றார்கள். மணல் பாதையில் அது இருபது மாதிரி இருந்தது. இந்தப் பாதைக்கு வண்டிக்காரர் சொல்லும் கூலியில் பேரம் பேசாதீர்கள், மாடுகள் படும் பாட்டைப் பார்த்தால் நீங்களே கூட்டிக் கொடுப்பீர்கள். வழியில் விமானம் ஒன்று சீனன்குடாப் பக்கம் தாழப் பறந்து போனது. காக்கா வண்டியை மரத்தடிக்கு ஓட்டி, சத்தம் போன பிறகுதான் வெளியே எடுத்தார். நம்முடையதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும், ஆனாலும் ஒதுங்கினோம்.

மாலை ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கரையோரம் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. கண்டல் மரப்பட்டையை அவித்து வலைக்குச் சாயம் போடும் பெரிய தொட்டிகள் பக்கத்தில் இருந்தன. அந்தத் தொட்டிகளுக்கு அருகே சிவந்த மண்ணிறத்தில் ஐந்து பேடுகளும் ஒரு சேவலும் மேய்ந்துகொண்டிருந்தன. வீட்டுக்குள் இருந்து கனகம் ஓடி வந்தாள். மெலிந்து கறுத்துப்போயிருந்தாள்.

“வந்திட்டீங்களே மச்சாள்! உயிரோட வந்திட்டீங்கள்!” என்று என் கையைப் பிடித்தாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். “என்ர கோழியள் எங்க?” என்றேன்.

“உங்களுக்கு முன்னாலதானே நிக்குதுகள்” என்று சிரித்தாள்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இலங்கைத்துறை முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னேன்: “மச்சாள், கோழி தெரியாதவைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கோ. இது றோட் ஐலண்ட் சாதி. நிறத்தைப் பாருங்கோ, மஞ்சள் காலைப் பாருங்கோ. என்ர வெள்ளைக் கோழியளை ஆருக்கோ குடுத்திட்டு இதை வாங்கி வச்சிருக்கிறீங்கள்.”

கனகத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்த காக்கா மெல்லச் சொன்னார்: “தங்கச்சி, நிறம் கடைசி எண்டீங்களே. காதைப் பாத்தீங்களா?”

பார்த்தேன். ஐந்து பேட்டுக்கும் காது மடல் பால் வெள்ளை. றோட் ஐலண்டுக்குச் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும்! பூ ஒவ்வொன்றுக்கும் பெரிதாக ஒரு கண்ணை மறைத்து விழுந்திருந்தது. ஒன்றின் பூவில் நடு முனை உடைந்திருந்தது. கண்காட்சிக்கு முதல் நாள் கூட்டுக் கம்பியில் மாட்டி உடைந்த முனை அது, நான்தான் மஞ்சள் பூசினேன். எட்டிப் பிடித்துச் செட்டையை விரித்தேன். உள்ளே, இறகின் அடியில், வெள்ளை வெளேர் என்று இருந்தது.

கனகம் வலைச் சாயத் தொட்டியைக் காட்டினாள். “வெள்ளை நிறம் மேல இருந்து தெரியுமாம். பச்சை வயலுக்குள்ள வெள்ளைக் கோழி நிண்டா பிளேன்காரனுக்கு அடையாளம் காட்டிற மாதிரியாம். ஊரில எல்லாரும் வெட்டச் சொன்னவை. வெட்டு, இல்லாட்டிக் கோழியளோட வெளிக்கிடு எண்டவை. நான் ஏலாது எண்டனான். நீங்கள் நம்பித் தந்ததை நான் சட்டியில வச்சே தாறது? அதான் தம்பியிட்ட வந்தனான். தலையை மட்டும் வெளிய பிடிச்சு, ஆறின சாயத்தில முக்கி எடுத்தனான். இறகு கொட்டிப் புதுசா வெள்ளை முளைக்க முளைக்கத் திரும்பவும் முக்கினனான்.”

ஏழு கோழிகளுக்காக அவள் தன் வீட்டையும் வயலையும் விட்டு வந்திருக்கிறாள். ஒரு பேட்டை நரி கொண்டுபோனதற்காக என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஊருக்கே கேட்கக் கத்தியவள் ஊர் பார்க்க அழுதால் என்ன குறைந்துவிடும்?

லெகோர்ன் அடை கிடக்காது, அது முட்டை போடுவதோடு சரி. அதையும் கனகம் தானே கண்டுபிடித்து, முட்டைகளை ஒரு மொட்டைக் கழுத்துக் கோழிக்கு அடை வைத்திருந்தாள். குசினிக்குப் பின்னால் அந்த மொட்டைக் கழுத்துத் தாயின் பின்னால் மஞ்சள் குஞ்சுகள் ஓடித் திரிந்தன. கண்காட்சியில் பரிசு வாங்கிய நான் யுத்தத்துக்குள் ஒரு குஞ்சு கூடப் பொரிக்க வைக்கவில்லை. எனக்கு வந்த பெருமையை எழுத வார்த்தை போதாது. என் கோழி என்ற பெருமை அல்ல, அவள் என் மச்சாள் என்ற பெருமை.

அவள் எல்லாவற்றையும் கொண்டுபோகச் சொன்னாள். நான் மூன்று பேட்டையும் ஒரு சேவற்குஞ்சையும் மட்டும் எடுத்தேன். மறுநாள் பிட்டும் மீன் சொதியும் தந்து அனுப்பினாள். காக்கா கிளிவெட்டி வழியே வண்டியை விட்டார். அந்தப் பக்கத்து வீட்டு அக்கா படலையில் நின்றார். கூடையைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார், ஒரு கோழியின் முதுகைத் தடவினார். “கனகத்தை வரச் சொல்லுங்கோ. வயலை நாங்கள் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம்” என்றார். காக்கா வண்டியைத் திருப்பவில்லை, ஆனால் அடுத்த சந்தை நாளில் இலங்கைத்துறைக்குப் போகும்போது சொல்லிவிடுவதாக ஏற்றுக்கொண்டார்.

வீட்டுக்காரர் கூடையைப் பார்த்துவிட்டு, “வெள்ளைக் கோழிக்குப் போனனீ, சிவப்புக் கோழியோட வாறாய்” என்றார். செட்டையை விரித்துக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்தவர் எழும்பிவிட்டார். பிறகு அவரே அலுமாரியைத் திறந்து நடுத்தட்டில் இருந்ததை எடுத்து என் கையில் தந்தார். அடுத்த முறை நகரத்துக்கு வந்த அசனார் காக்காவிடம் அதைத் துணியில் சுற்றி, கனகத்துக்கென்று கொடுத்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடல் அடங்கும் மாசி, பங்குனியில் போங்கள். கூடைக்குள் வைக்கோல் போடுங்கள், வள்ளத்தில் ஈரத்துணியால் மூடுங்கள். நிறத்தை நம்பிக் கோழி வாங்காதீர்கள், முக்கியமாக இந்தக் காலத்தில். கனகம் இப்போது கிளிவெட்டிக்குத் திரும்பிவிட்டாள். அடைக்கு முட்டை கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டாள். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளிக் கப்பில் பதர் நெல் அளந்து கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். கப் கறுத்துப்போய், ஒரு கைப்பிடி நெளிந்திருக்கும். பரிசுக் கப்பை இப்படியா வைத்திருப்பது என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். அது அவள் வென்றது.