மூடாத பந்து

பந்து தைக்கும் பட்டறையில் அவளை எல்லோரும் ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சும் அப்படி, கையும் அப்படி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் வேலை. ஐந்து பக்கக் கறுப்புத் துண்டைச் சுற்றி ஆறு பக்க வெள்ளைத் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே போனால், தோல் தானாகக் குழிந்து உருண்டுவிடும்.

மேனேஜருக்கு ஒருநாள் யோசனை வந்தது. கறுப்பு பெரிதாகத் தெரிந்தால் பந்து எடுப்பாக இருக்குமாம். கறுப்புத் துண்டுகளை ஏழு பக்கமாக வெட்டவைத்தார். வெளியூர் வியாபாரிக்கு மாதிரி காட்ட வேண்டும். வேலை ஊசியிடம் வந்தது.

தைக்கத் தைக்கத் தோல் குழியவே இல்லை. இங்கே அமுக்கினால் அங்கே எழும்பியது. ஓரமெல்லாம் கொசுவம் கொசுவமாகச் சுருண்டது. நூலை இழுத்து இழுத்து விரல் கிழிந்ததுதான் மிச்சம்.

“சார், இது மூடாது போலிருக்கு.”

“துண்டு மேல பழி போடாதே. உனக்குக் கை தளர்ந்துபோச்சு. பிரிச்சுத் தை.”

பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். வீட்டுக்கும் எடுத்துவந்து தைத்தாள். தொழிலே மறந்துவிட்டதோ என்று அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். கல்லூரியில் கணக்கு வாத்தியார். கட்டிலில் கிடந்த தோலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, ஆறு பக்கத் துண்டா வெச்சா தரை மாதிரி தட்டையா வரும். நடுவுல அஞ்சு வெச்சா இடம் பத்தாம குழியும், பந்தாகும். ஏழு வெச்சா தோல் மிஞ்சிடும். மிஞ்சினது எங்க போகும்? மேலயும் கீழயும் நெளியும். தைக்கத் தைக்க ஓரம் பெருசாகிட்டே இருக்கும், முடிவே கிடையாது. சுருட்டைக் கீரை ஓரம், கடல் பவளம் எல்லாம் இந்த வகைதான். இதுல முக்கோணம் போட்டா மூணு கோணமும் சேர்ந்து நூத்தியெண்பது டிகிரிகூட வராது!”

“அப்ப என் கைமேல தப்பில்லையே?”

“யார் தைச்சாலும் மூடாதுக்கா.”

அவளுக்கு அது போதும். அவனுக்குப் போதவில்லை. மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்கே வந்து நின்றான். மேனேஜர் அறையில் வியாபாரி உட்கார்ந்திருந்தார். “வேண்டாம்டா” என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் மேஜைமேல் சாக்பீஸால் வரைந்து முழுப் பாடமும் நடத்தினான்.

வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். “பந்து கேட்டா கொசுவம் வெச்ச பாவாடை தைக்கிறீங்களா சார்?” வேறு பட்டறை தேடிப் போய்விட்டார். தம்பி மேனேஜரிடம் கைகுலுக்கிவிட்டு, தைத்த தோலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சாயங்காலம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். “வாத்தியாரைக் கூட்டிவந்து என் மானத்தை வாங்கிட்டே இல்ல? நாளைலேருந்து வராதே.”

“நான் கூப்பிடலை சார்.”

கூட உட்கார்ந்து தைக்கிறவர்களில் ஒருத்திகூடத் தலை நிமிரவில்லை.

தம்பி அந்தத் தோலை வகுப்பில் தொங்கவிட்டான். கொஞ்சநாள் கழித்து வந்து, “பசங்க ரொம்ப ரசிக்கிறாங்கக்கா. இன்னும் ரெண்டு சுத்து தைச்சுத் தாயேன்” என்றான்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

“நான் சொன்னது சரிதானே?”

“சரிதான்டா. சரியாச் சொன்ன நீ வேலையில இருக்கே. சரியாத் தைச்ச நான் வீட்டுல இருக்கேன்.”

இப்போது அட்டைப்பெட்டி மடிக்கும் வேலைக்குப் போகிறாள். தம்பி போன் செய்தால் பேசாமல் கணவரிடம் கொடுத்துவிடுகிறாள்.