இரும்புப் பாலத்தில் கடைசி வண்டி

கொடுமுடி போகும் வழியிலிருந்த இரும்புப் பாலத்தை மூடிய நாளில் நான் நான்காம் வகுப்பு. அதில் கடைசியாகப் போனவன் என்ற பெயர் எனக்குக் கிடைக்க வேண்டும். அதைவிட முக்கியம், மாமன் மகனுக்குக் கிடைக்கக் கூடாது. அவனுக்குக் கியர் சைக்கிள் இருந்தது. புது டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றினான். அவர்கள் வீட்டு நாய்கூட எங்கள் நாயைவிடக் கொழுகொழுவென்று இருந்தது. பொறாமைக்குப் பரீட்சை வைத்திருந்தால் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்திருப்பேன்.

பாலத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் போக அகலம் பத்தாது. எங்கள் பக்கத்து ஆட்கள் மரியாதைக்காரர்கள். இரண்டு முனையிலும் வண்டியை நிறுத்திவிட்டு, ‘நீங்க வாங்க’ என்று கால் மணி நேரம் கை காட்டிக்கொண்டு நிற்பார்கள். அன்று அந்த மரியாதை தலைக்கேறிவிட்டது. முதலில் போக ஒருவருக்கும் மனமில்லை. ஒவ்வொருவராகச் சலித்துக் கிளம்ப, எங்கள் கரையில் மிஞ்சியவை இரண்டு: மாமாவின் டிராக்டரும் எங்கள் மொபெட்டும்.

“ஏனுங் மாப்ள, முன்னால போங்க” என்றார் மாமா.

“பெரிய வண்டி, நீங்க போங்க மச்சான்” என்றார் அப்பா.

“இது மொள்ளத்தானுங்க போகும். உங்களுக்கு எடஞ்சலு.”

“எங்களுக்கென்னங்க அவசரம்.”

நான் அப்பாவின் சட்டையை இழுத்துப் பிடித்திருந்தேன். தடுப்புக் கல் நடக் காத்திருந்தவர் கடப்பாரையைக் கீழே போட்டார். “ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போங்க. நான் மூடிப்போட்டுப் போறேன்.”

மாமன் மகன், “போலாமுங்கப்பா” என்றான். டிராக்டர் நகர்ந்தது. ஜெயித்துவிட்டேன்.

மொபெட்டின் முன்னால், அப்பாவின் இரு கைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனேன். என் தலைமேல் தாடையை ஊன்றி அப்பா பாலத்தின் கதையைச் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்துப் பாலமாம். ஒவ்வொரு ஆணியையும் பழுக்கக் காய்ச்சி அடித்தார்களாம். பெருவெள்ளத்தில் முழு வைக்கோற்போர் ஒன்று அடியில் மிதந்து போனதாம். லாரிகளின் பாரம் ஏற ஏற இரும்பு தாங்காமல்தான் பக்கத்தில் புதுப் பாலம் வந்ததாம். பாதிதான் காதில் விழுந்தது. மட்கார்டில் இருந்தவனுக்கு நாக்கைத் துருத்திக் காட்டும் வேலை இருந்தது எனக்கு. அவனோ பாலம் முடியும்வரை எங்களையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். வயிறு எரிகிறான் என்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

எரிந்தது உண்மைதான். எதற்கு என்பதில்தான் கோட்டை விட்டேன். அக்கரை சேரும்வரை மாமா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒருமுறைகூட அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் பார்த்துக்கொண்டு வந்தது என் தலைமேல் ஊன்றியிருந்த அந்தத் தாடையை.