எடப்பாடியில் ஒரு பிரசங்க பீடம்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அயோத்தியாப்பட்டணத்தில் டவுன் பஸ் ஏறினேன், பெண்களுக்குக் கட்டணமில்லை. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் எடப்பாடி வண்டி கிடைத்தது. கொங்கணாபுரம் தாண்டும்வரை பிரசங்கத்தை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். பக்கத்து அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். பார்க்கட்டுமே! எடப்பாடி ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக்குச் செய்தி கொடுக்கப் போகிறேன். அந்த ஆலயத்தின் பிரசங்க பீடத்தில் இதுவரை ஒரு பெண்ணும் ஏறியதில்லை.

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆலய வாசலில் கரும்பும் வாழைத்தாரும் கட்டியிருந்தார்கள். என்னை அழைத்த சபைச் செயலர் ஜெயசீலன் ஓடி வந்தார். விசைத்தறி வைத்திருப்பவர், சபையோரிடம் பல மாதம் மல்லுக்கட்டி எனக்காகச் சம்மதம் வாங்கியவர். முகமே சரியில்லை. முன்பு இந்தச் சபையை நடத்திய மூத்த ஆயர் சொல்லாமல் வந்துவிட்டாராம். பழைய ஆயர் பண்டிகைக்கு வந்தால் செய்தி அவருக்குத்தான் என்பது இங்கே வழக்கம். அவர் கேட்காமலேயே பெரியவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

“அக்கா, உங்க மூஞ்சியில முழிக்கவே கூச்சமா இருக்குதுங்க” என்றார் ஜெயசீலன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நான் பேச வந்ததே சீடரின் கால்களைக் கழுவிய கர்த்தரைப் பற்றி. அதைச் சொல்ல வந்தவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவதா?

“கோவம் இருக்குதுங்க. ஆனா போகமாட்டேன்” என்றேன்.

பெண்களோடு பாயில் உட்கார்ந்தேன். ஆயர் நன்றாகவே பேசினார், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆராதனை முடிந்து பந்தி போட்டார்கள். பரிமாற ஆள் குறைவாக இருந்ததால் நானே ரச வாளியைத் தூக்கினேன். ஜெயசீலன் சோற்றுக் கூடையோடு முன்னால் போனார்.

மூத்த ஆயர் இலையிலிருந்து நிமிர்ந்து அவரிடம் கேட்டார்: “யாரோ ஒரு அம்மா செய்தி கொடுக்கறாங்கன்னு சொன்னாங்க. அதைக் கேக்கத்தான் நான் வந்ததே. அவங்க வராததாலதான் என்னைக் கூப்பிட்டீங்களாக்கும்?”

ஜெயசீலன் சோற்றுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பந்தி முழுவதும் எங்களைப் பார்த்தது. நான் ஒரு வார்த்தை கடிந்து சொல்லியிருந்தால் ஜெயசீலன் அங்கேயே குறுகிப்போயிருப்பார்.

“வந்திருக்கேனுங்க ஐயா. நல்ல செய்தி கேட்டேன். ரசம் ஊத்தட்டுங்களா?” என்றேன்.

அவர் என் முகத்தையும் வாளியையும் பார்த்தார். பிறகு எச்சில் கை என்பதையும் மறந்து, இலைக்கு முன்னால் எழுந்து நின்று, எனக்குக் கைகூப்பினார்.