காத்துக்காரியின் டாங்கி

என் மச்சினியைத் தெருவில் காத்துக்காரி என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற காற்றடைத்த கோட்டைகளைத் தைத்து வாடகைக்கு விட்டவள். புதுக் கோட்டையில் முதலில் குதிப்பது நான். தையல் தாங்குமா என்று பார்க்க என் உடம்பைப்போல் ஒரு கருவி கிடையாதாம்.

இப்போது அவள் ராணுவத்துக்கு டாங்கி செய்கிறாள். சிரிக்காதீர்கள். இந்தக் காலத்துச் சண்டைக்கு முதலில் வருவது ஆள் இல்லை, ட்ரோன். மேலேயிருந்து பார்த்து எது டாங்கி, எது டப்பா என்று அதன் கம்ப்யூட்டரே முடிவுகட்டிவிடும். அதை ஏமாற்றத்தான் காற்றடைத்த துணி டாங்கி. எதிரி தன் விலையுயர்ந்த குண்டைத் துணிமேல் போட்டு வீணாக்குவான்; அசல் வண்டியும் அதற்குள் இருக்கிறவர்களும் பிழைப்பார்கள்.

கோட்டை கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோன நேரம். இந்த ஆர்டரும் கைநழுவினால் பட்டறைக்குப் பூட்டுதான், தைக்கிற பெண்கள் அத்தனை பேரும் வீட்டோடுதான்.

முதல் சோதனையில் மண்ணைக் கவ்வினோம். திடலில் எங்கள் டாங்கி மாப்பிள்ளை மாதிரி நின்றது. ட்ரோன் ஒரே சுற்றுதான். திரையில் ‘போலி’ என்று விழுந்தது.

ட்ரோன் ஓட்டிய பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். “இது சூட்டைப் பாக்குற கேமராக்கா. உங்க டாங்கி ஜில்லுனு கெடக்கு. பின்னாடி தள்ளி ஏதோ கொதிக்குதே, அது என்ன?”

மச்சினி தலையில் அடித்துக்கொண்டாள். காற்று ஊதுகிற மோட்டார்! பிள்ளைகள் கைவைத்துவிடக் கூடாதென்று கோட்டைக்கு அதை நீளக் குழாய் மாட்டித் தள்ளி வைப்பாள். பழக்கதோஷத்தில் டாங்கிக்கும் அப்படியே.

“இதுல எந்தப் புள்ள ஏறும்னு தள்ளி வச்ச?” என்றேன்.

“நீங்க இருக்கீங்களே மாமா, பத்தாதா?”

சோதனையை நடத்திய ராணுவ அதிகாரி இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் தந்தார். அவள் டாங்கியின் பின்பக்கத்தைப் பிரித்தாள். அசல் வண்டியில் எஞ்சின் இருக்கும் இடத்தில் பைபோலத் தைத்து, மோட்டாரை உள்ளே வைத்து, காற்று இழுக்க வலை போட்டாள்.

மறுசோதனை காலையில். ராத்திரியெல்லாம் எஞ்சின் ஓடாமல் அங்கேயே பனியில் நின்ற அசல் டாங்கி ஒன்றும் பக்கத்தில் இருந்தது. ட்ரோன் சுற்றியது, மறுபடி சுற்றியது. எங்களுடையதில் ‘டாங்கி’ என்று விழுந்தது. அசலில் ‘போலி’!

அதிகாரியே வாய்விட்டுச் சிரித்தார். “ஆர்டர் உங்களுக்குத்தாம்மா.”

அசல் டாங்கி ஓட்டுகிறவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். “யக்கா, என் வண்டிக்கும் அந்த மோட்டார் ஒண்ணு வச்சுக் குடுங்களேன்.”

“வரிசையில வாங்கண்ணே,” என்றாள் எங்கள் காத்துக்காரி, “கையில வேலை நெறைய இருக்கு.”